கொளஞ்சியப்பர் கொடுத்த தவணை

கை நடுங்கினால் எங்கள் வேலையில் சோறு கிடையாது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் டீ கப்புக்குப் பிடி ஒட்டுகிறவள் நான். சூளைக்குப் போகாத பச்சைக் கப், கொஞ்சம் அழுத்தினாலும் நசுங்கிவிடும். 2005-ல் என் கை ஆடாமல் இருக்க வேண்டுமென்றால் காலையிலேயே மாத்திரை போட்டாக வேண்டும் என்ற நிலைக்கு வந்திருந்தேன்.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு அப்பா திடீரென்று தவறிப்போனார். அதிலிருந்து எனக்குப் படபடப்பு. நெஞ்சு அடித்துக்கொள்ளும், தூக்கம் வராது, நானும் அப்படியே போய்விடுவேன் என்று பயம். டாக்டர் பத்து நாளைக்குத்தான் எழுதிக் கொடுத்தார். மாத்திரை நன்றாகக் கேட்டது. அதுதான் வினை. அதே சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிக்கொண்டே இருந்தேன். பிறகு சீட்டும் தேவைப்படவில்லை, முகத்தைப் பார்த்ததுமே அட்டையை எடுத்து வைத்துவிடுவார்கள். ஒன்று இரண்டானது, இரண்டு நாலானது. ஒரு வேளை தவறினால் உடம்பெல்லாம் உதறும். குடிகாரர்களைத் திட்டிய வாய் என்னுடையது. இப்போது என்னை என்ன சொல்லித் திட்டுவது? வாழ்ந்து என்ன பயன் என்றுகூட நினைத்தேன்.

நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். வேறு கதி இல்லாதவர்கள் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவார்கள். ஸ்டேஷனில் புகார் கொடுக்கிற மாதிரி, நம் குறையை முருகனுக்குத் தாளில் எழுதி வேலில் கட்டிவிட்டு வருவது. மூன்று மாதத்துக்குள் தீர்த்துவைப்பார் என்பது நம்பிக்கை. தீர்ந்ததும் மறுபடி போய் பிராதை வாபஸ் வாங்கிக்கொள்வதாக ராஜினாமா எழுதிக் கொடுக்க வேண்டும்.

நானும் கட்டினேன். இந்த மாத்திரை என்னை விட்டுப் போக வேண்டும் முருகா என்று எழுதினேன். வீட்டுக்கு வந்ததும் இருந்த அட்டைகளை எல்லாம் குப்பையில் கொட்டினேன். சாமியிடம் சொல்லியாகிவிட்டது, இனி தொடக்கூடாது என்று நானே சட்டம் போட்டுக்கொண்டேன்.

அங்கேதான் தப்பு. மூன்றாம் நாள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே வலிப்பு வந்து விழுந்தேன். அதுவரை ஜென்மத்தில் எனக்கு வலிப்பு வந்ததில்லை. கையில் சாவிக்கொத்தைத் திணித்திருக்கிறார்கள். ஒருத்தி காத்து கருப்பு என்றாளாம், இன்னொருத்தி சாமி குத்தம் என்றாளாம். என் வீட்டுக்காரரின் அக்கா செல்வி அண்ணியும் அதே கம்பெனிதான். அவர் யார் பேச்சையும் காதில் வாங்காமல் என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார். அங்கே சொன்னபடி கடலூரில் ஒரு மனநல டாக்டரம்மாவிடமும் கூட்டிப் போனார்.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. இந்த வகை மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து என்றார். முதலில் சில நாள் ஆஸ்பத்திரியில் தங்க வேண்டும். அப்புறம் உடம்பில் நிதானமாக வேலை செய்கிற வேறு மாத்திரைக்கு மாற்றி, வீட்டிலிருந்தபடியே மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். படபடப்பு வந்தால் மூச்சை எப்படி விடுவது, பயத்தை எப்படிச் சமாளிப்பது என்றும் கற்றுக்கொடுப்பதாகச் சொன்னார்.

நான் மாட்டேன் என்றேன். சாமியிடம் எழுதிக் கொடுத்த பிறகு இன்னொரு மாத்திரையைத் தொட்டால் அது துரோகம் என்று பிடிவாதம் பிடித்தேன். செல்வி அண்ணிக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி.

"ஏண்டி, அந்தச் சாமியே தீத்து வைக்க மூணு மாசம் எடுத்துக்குறாரு. நீ ஒரே நாள்ல முடிச்சிப்புடுவியா? சாமிய வுடப் பெரிய ஆளா நீ?"

அழுதேன். அப்போதுதான் உறைத்தது. கேட்டது சாமியிடம், தீர்ப்பை மட்டும் நானே எழுதிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன்.

சுலபமாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் வியர்த்துக் கொட்டும், யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுவேன். மாத்திரை அண்ணியின் பொறுப்பில் இருந்தது. கெஞ்சினாலும் கூடுதலாகக் கிடைக்காது, வேண்டாம் என்றாலும் வேளைக்கு வந்துவிடும். வாயில் போடும்போதெல்லாம் முருகா என்பேன். பிராது கட்டி மூன்று மாதம் ஆனபோது மாத்திரை பாதியாகக் குறைந்திருந்தது. பிடி கோணாமல் ஒட்டினேன். முழுசாக நிற்கட்டும் என்று காத்திருக்காமல் போய் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். வழியை அவர் காட்டிவிட்டார், நடக்க வேண்டியது நான்தானே.

அடுத்த வருஷம் கடைசி மாத்திரையும் நின்றது. அதற்குப் பிறகு ஒருநாள் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு, கடலூரிலிருந்து திட்டக்குடி போகிற பஸ்ஸில் தனியாக வந்தேன். மத்தியான வெயில். நெய்வேலி தாண்டியது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் கண்டக்டர் கம்பியைத் தட்டி எழுப்பியதுதான் தெரியும்.

"எங்கம்மா எறங்கணும்? விருத்தாசலம் தாண்டி எவ்ளோ நேரம் ஆவுது. இது கருவேப்பிலங்குறிச்சி."

ஆட்டமும் இரைச்சலுமாக ஓடுகிற பஸ்ஸில், ஒரு மாத்திரையும் இல்லாமல், நான் தூங்கியிருக்கிறேன். கூடுதல் தூரத்துக்கு டிக்கெட் எடுக்கச் சொன்னார். சிரித்துக்கொண்டே எடுத்தேன். அந்த மனுஷன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இறங்கி, ரோட்டோரத்தில் நின்று, கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது என்னைப் போல மாத்திரை அட்டையை மறைத்து வைத்துக்கொண்டு வாழ்கிறீர்களா? வெட்கப்படாதீர்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். முருகனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், சொன்ன கையோடு டாக்டரிடம் போங்கள். முருகன் கைவிட மாட்டார், நான் சாட்சி. இறங்க வேண்டிய ஊர் போனதுகூடத் தெரியாமல் தூங்குகிற நாள் உங்களுக்கும் வரும்.