தட்டு நடித்த படம்

உவமைகளைப் படமாக எடுக்கப் போகிறோம் என்று பாஸ்டர் சொன்னதும் நான் முன்னால் இருந்தவர் முதுகுக்குப் பின்னால் மறைந்துகொண்டேன்.

"பிரசங்கத்துல பாதிப் பேரு தூங்குறீங்க. போன்ல வீடியோன்னா மட்டும் கண்ணு இமைக்கிறதில்ல. வீட்டுக்கு ஒரு உவமை, ரெண்டே நிமிஷம்" என்றார்.

சீட்டு குலுக்கினார்கள். எனக்கு வந்தது ஒரே வசனத்தில் முடிகிற உவமை. ஒரு பெண் கொஞ்சம் புளித்த மாவை மூன்று படி மாவுக்குள் அடக்கி வைக்கிறாள், எல்லாமே புளிக்கிறது. பரலோக ராஜ்யம் அப்படித்தானாம்.

எட்டாவதோடு நின்றவள் நான். வசனம் வாசிக்கச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தே கடைசி வரிசையில் உட்காருவேன். ஆனால் மாவு? ஓசூரில் எங்கள் தெருவில் கம்பெனி ஹாஸ்டல் பெண்களுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுப்பவளே நான்தான். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று பைபிளுக்குள் இருக்கிறது! சந்தோஷத்தில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சொதப்பினால் சபை முழுக்கப் பார்க்குமே என்ற பயத்திலும்தான்.

வீடியோ எடுக்க வந்த தம்பி எங்கள் சபைதான், கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவன். வெள்ளிக்கிழமை காலை அடுப்பு மேடையில் போனை நிறுத்தினான். நிமிஷத்துக்கு ஒரு போட்டோ எடுத்து, பகல் முழுக்க நடப்பதை ரெண்டு நிமிஷத்தில் ஓட்டிக் காட்டுமாம். "மூடாதீங்கக்கா, பொங்குறது தெரியணும்" என்றான்.

டிசம்பர் குளிர். திறந்து கிடந்த குண்டானில் சாயங்காலம் வரை மாவு இம்மியும் ஏறவில்லை. போட்டுப் பார்த்தால், படம் முழுக்க என் கைதான் வந்து வந்து போனது.

வீட்டுக்காரர் சிரித்தார். "அரை மணிக்கு ஒருக்கா விரலை விட்டுப் பார்த்தா எப்படிப் பொங்கும்? மாவுக்காரக்கா மாவே பொங்கலன்னு நாளைக்கு ஊரே பேசும்."

அவரையே அந்த வசனத்தை மறுபடி வாசிக்கச் சொன்னேன். 'அடக்கி வைத்தாள்' என்ற இடத்தில் எனக்குச் சுரீரென்றது. தினமும் நான் மூடித்தானே வைக்கிறேன்!

சனிக்கிழமை குண்டானின் மேல் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து, அடியில் சாக்கு சுற்றினேன்.

"மூடின குண்டானை யாருக்கா பார்ப்பாங்க?"

"நீ எடு தம்பி. இன்னைக்கு நடிக்கிறது தட்டு."

வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மாவிடம் கொடுத்தேன். நானே கேட்டாலும் தரக்கூடாது என்று சொன்னேன். மத்தியானத்துக்குள் நாலு தடவை போய்க் கேட்டுவிட்டேன். "கொடல்ல, ஹோகக்கா!" என்று, தரமாட்டேன் போ எனக் கன்னடத்திலேயே துரத்தினார்.

சாயங்காலம் கதவைத் திறந்தால் மேடை முழுக்க மாவு வழிந்திருந்தது! நான் குதித்தே விட்டேன். தம்பி மட்டும் குதிக்கவில்லை. சார்ஜர் ஒயர் கழன்று, போன் செத்துக் கிடந்தது.

"எந்நேரம் ஆஃப் ஆச்சுன்னு தெரியலக்கா. போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று போனவன் அப்படியே ஷிப்டுக்குப் போய்விட்டான். எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜன்னல்களைப் பெட்ஷீட்டால் மறைத்துச் சுவரில் படம் போட்டார்கள். மூன்றாவது என்னுடையது, தம்பி ராத்திரியே பாஸ்டருக்கு அனுப்பிவிட்டானாம். சுவர் அகலத்துக்கு என் குண்டான். மேலே தட்டு. ஒன்றும் நடக்கவில்லை.

"படம் நின்னுபோச்சா?" என்றார் ஒருவர்.

நான் தலையைக் குனிந்து கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஆண்டவரே, அந்தத் தட்டு!

முன்வரிசையில் ஒரு ஹாஸ்டல் பெண் கத்தினாள். "ஏய், தட்டு அசையுதுடி!"

"ஏறுது! ஏறுது!" ஒரே கூச்சல், விசில், கைத்தட்டல். நான் நிமிர்வதற்குள் சுவர் கறுத்துவிட்டது.

"வந்துச்சா?" வீட்டுக்காரர் கையைப் பிடித்து உலுக்கினேன்.

"நீ பார்க்கலையா!"

பாஸ்டர் பேச எழுந்தார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, கடைசி வரிசையில் எழுந்து நின்று கத்தினேன். "பாஸ்டர், இன்னொரு தடவ போடுங்க! நான் பார்க்கல!"

சபையே சிரித்தது. மறுபடி போட்டார்கள். உட்காராமலே பார்த்தேன். தட்டு ஒரு பக்கம் மெதுவாக எழும்பியது, அடியில் வெள்ளைக் கோடு தெரிந்தது, கோடு தடித்தது, தட்டு சரிந்து விழுந்தது. என் கை ஒரு தடவைகூட வரவில்லை.