மச்சான் அழித்த கலியாண வீடியோ

மச்சான் என்று கூப்பிட்ட வாயாலேயே அந்த மனிசனை எத்தனை தரம் சபித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. என் தங்கையின் புருஷன் அவர். தங்கையைக் கடல் கொண்டுபோனது. அவளுடைய கலியாண வீடியோவை இல்லாமல் செய்தது அவர். கடலோடு கோபித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அவரோடு கோபிக்கலாம், வாய் நிறையக் கோபித்தேன்.

எங்கள் பக்கம் கலியாண வீட்டில் பெண்கள் பகுதியை எடுக்கும் வீடியோ பிற ஆண்கள் கண்ணில் படக்கூடாது. தங்கையின் கலியாணத்தில் இரவல் கமராவில் அதை எடுத்தது நான்தான். பிரதி போட ஸ்டூடியோவுக்குக் கொடுத்தால் அங்கே இருக்கிறவனெல்லாம் பார்ப்பான் என்று உம்மா விடவில்லை. அதனால் கசட் ஒன்றே ஒன்று, அதுவும் உம்மாவின் அலுமாரிக்குள். மாப்பிள்ளை பார்க்கலாம் என்பதால், மாவடிப்பள்ளியில் மச்சானின் அரிசி ஆலையில் இருந்த கம்பியூட்டரில் மட்டும் நான் ஒரு பிரதி ஏற்றிக் கொடுத்தேன். சுனாமி வந்தபோது கல்முனைக் கரையோரம் இருந்த எங்கள் வீடும் அலுமாரியும் போயின, தங்கையும் போனாள். மச்சான் ஆலையில் நின்றதால் தப்பினார். ஆலைக்குத் தண்ணீர் வரவில்லை.

நிவாரணக் கொட்டிலில் இருந்தபடி உம்மா அவரிடம் கேட்டா. “மனே, அவள்ர குரல ஒருக்காக் கேக்கணும்.”

“ஓம் மாமி, கொண்டாறன்” என்றார். வரும்போதெல்லாம் அதையே சொன்னார். இரண்டாவது கலியாணம் பேசி முடித்ததும் பேச்சு மாறியது. “அந்த டிஸ்க் பழுதாப் பெய்த்து மாமி.”

நான் கம்பியூட்டர் படிப்பிக்கிறவள். பழுதான டிஸ்க்கைத் தாருங்கள், பார்க்கிறேன் என்றேன். குப்பையில் போட்டுவிட்டாராம். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பொய் என்று அப்போதே தெரிந்துவிட்டது. உம்மா மட்டும் நம்பி, அவருடைய புது வாழ்வுக்காக ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்டா. என் வயிறு எரிந்தது அதற்குத்தான்.

யுத்தமும் முடிந்தது. நாங்கள் புது வீட்டில் இருந்தோம். ஊர்ப் பெண்கள் தங்கள் கம்பியூட்டர்களை என்னிடம் கொண்டுவருவார்கள். கடைக்குக் கொடுத்தால் உள்ளே இருக்கும் படங்களைக் கடைக்காரர் பார்ப்பாரே என்ற பயம். அப்படி ஒரு பின்னேரம் ஓட்டோவில் ஒரு கம்பியூட்டர்ப் பெட்டியோடு வந்து இறங்கினாள் மச்சானின் இரண்டாவது மனைவி. பெட்டியின் முன்பக்கத்தில் ஒரு பச்சைக்கிளி ஸ்டிக்கர். ஆலைக் கம்பியூட்டரில் என் தங்கை ஒட்டியது.

“ராத்தா, ஒங்களட்ட வர வெக்கமாத்தான் இரிக்கி” என்றாள், என்னை அக்கா முறை வைத்து. “இதுக்குள்ள என்ட கலியாணத்துப் பொம்புளப் பக்க வீடியோ இரிக்கி. என்ட உம்மா மௌத்தாப் பெய்த்தா. அவட முகம் வேற ஒண்டுலயும் இல்ல. டிஸ்க் டக் டக்கெண்டு சத்தம் போடுது.”

வைத்துவிட்டுப் போ என்றேன். அவள் போனதும் எனக்கு வந்தது சந்தோஷம்தான், மறைப்பானேன். குப்பையில் போட்ட டிஸ்க் என் மேசையில் உயிரோடு இருந்தது. அழித்த வீடியோ டிஸ்க்கை விட்டு உடனே போய்விடாது, அதன் மேல் வேறொன்றை எழுதும் வரை கிடக்கும். தங்கையை எடுத்துக்கொண்டு, அவர்கள் வீடியோவை அழித்துவிட்டு, “பழுதாப் பெய்த்து மச்சான்” என்று அவர் சொன்ன மாதிரியே சொல்வதென்று முடிவு கட்டினேன்.

சாகப்போகும் டிஸ்க்கை ஒரு தரம்தான் முழுதாகப் படிக்கலாம். படித்ததை வைக்க நம்பிக்கையான இடம் வேண்டும். ஒற்றைப் பிரதியை நம்பி நாங்கள் பட்டது போதும். முன்பென்றால் ஹார்ட் டிஸ்க்கோடு சோதனைச் சாவடி தாண்டுவதற்குள் ஆயிரம் கேள்வி. இப்போது கொழும்புக்குப் போய் ஒரே அளவில் இரண்டு வாங்கி, ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டு வந்தேன். ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

இரண்டையும் என் கம்பியூட்டரில் பூட்டி ரெய்ட் போட்டேன். ரெய்டில் ஒரு வகை வேகத்துக்காக ஃபைல்களைத் துண்டாக்கி இரண்டிலும் பிரித்து வைக்கும், ஒன்று செத்தால் எல்லாம் போகும். எனக்கு வேண்டியது மற்றது. எழுதுவதை எல்லாம் அப்படியே இரண்டிலும் எழுதும், ஒன்று செத்தாலும் மற்றது முழுதாக நிற்கும். தொடங்குமுன், இவற்றில் உள்ளதெல்லாம் அழியும், சம்மதமா என்று திரை கேட்டது. இயந்திரத்துக்கு இருந்த மரியாதை அந்த மனிசனுக்கு இருக்கவில்லை. பிறகு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்தேன். சிவப்பில் எச்சரிக்கை வந்தது, வேலை நிற்கவில்லை. திரும்பப் பூட்டியதும் ஆறுதலாகச் சரிசெய்துகொண்டது.

பழைய டிஸ்க்கை அதில் முழுதாக இறக்கித் தேடினேன். தங்கையின் கலியாணத்தில் பெரும்பகுதிக்கு மேல் புதுக் கலியாணம் ஏறியிருந்தது. மிஞ்சியது சிறு துண்டு. இரண்டு கையிலும் மருதோன்றி பூசியிருந்த தங்கை, முகத்தில் விழுந்த முடியை ஊதி ஊதித் தள்ளுகிறாள். “ராத்தா, கமராவ வெச்சிட்டு இந்த முடிய ஒதுக்கி விடுங்களன்” என்று சிரிக்கிறாள். உம்மா திரையருகே காதை வைத்துக் கேட்டா. திரும்பவும் போடச் சொன்னா.

அடுத்தது மற்ற வீடியோ, இரண்டாவது மனைவியுடையது. அழிக்கும் விசையில் விரலை வைத்தேன். அதில் அவளுடைய உம்மா மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தா. இதை அழித்தால் மச்சானுக்கு ஒன்றும் வலிக்காது, இவளுக்குத்தான் வலிக்கும். எனக்கு வேண்டியது மச்சான். விரலை எடுத்துக்கொண்டு, புருஷனோடு வந்து வாங்கிக்கொண்டு போ என்று அவளுக்குச் சொல்லியனுப்பினேன்.

இருவரும் வந்தார்கள். நான் சலாத்துக்குப் பதில் சொன்னதோடு சரி, தங்கையின் துண்டைத் திரும்பத் திரும்ப ஓடும்படி போட்டுவிட்டேன். அந்தக் குரல் கேட்டதும் மச்சான் உட்காரப் போனவர் நின்றுவிட்டார்.

அவள்தான் முதலில் கதைத்தாள். “ராத்தா, இத நீங்கதான் அழிக்கச் சொன்னீங்களெண்டு இவர் சொன்னாரே? மத்தப் பொம்புளயளும் இரிக்கிற வீடியோ, வெச்சிருக்கப்படாதெண்டு ஒங்கட உம்மா சொன்னாவாம்?”

அறைக்குள் இருந்த உம்மா வாசலுக்கு வந்தா. “நானா மனே?” என்று மட்டும் கேட்டா.

அவர் தரையைப் பார்த்தார். “அது பழசு மச்சி” என்றார் என்னிடம். “இப்ப என்னத்துக்கு? அழிச்சிருங்க.”

கம்பியூட்டரின் பக்கத் தகடு திறந்தேதான் இருந்தது. புது டிஸ்க் இரண்டில் ஒன்றைக் கழற்றி, சூட்டோடு அவர் கையில் வைத்தேன். “இந்தாங்க மச்சான், கொண்டுபோய்க் குப்பையில போடுங்க.”

திரையில் தங்கை சிரித்துக்கொண்டே இருந்தாள். முடியை ஒதுக்கிவிடச் சொல்லி மீண்டும் கூப்பிட்டாள். அவர் திரையையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்கத்தான் நான் இத்தனை வருஷம் காத்திருந்தேன், ஆசை தீரப் பார்த்தேன்.

அவருடைய மனைவி அந்த டிஸ்க்கை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். “இதுக்குள்ள என்ட உம்மாவும் இரிக்காவா ராத்தா?”

“ஓம். ரெண்டு பேரும் இரிக்காங்க.”

“அப்ப இது என்ட ஊட்டுலயே இரிக்கட்டும். ரெண்டையும் நான் போட்டுப் பாப்பன்.” அதை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, புருஷனுக்குக் காத்திராமல் ஓட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

காலியான இடத்துக்கு நான் வேறு டிஸ்க் வாங்கிப் பூட்டினேன். மச்சானை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கும் எண்ணமும் இல்லை. அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு உம்மா துஆவுக்குக் கையேந்தியபோது பக்கத்தில் இருந்து கேட்டேன். எல்லாருடைய பேரும் வந்தது, அவர் பேர் வரவில்லை.