பூ முடிந்த புரோமிலியாட்

ரிசப்ஷன் மேஜையில் இருந்த செடியின் சிவப்புப் பூ பழுப்பாகத் தொடங்கிய அன்று, என் வேலை போய்விடும் என்றே நினைத்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. திருவண்ணாமலைத் தேரடி வீதிப் பக்கம் ஒரு லாட்ஜில் நான் ரூம் பாய். நாற்பது வயதைத் தாண்டியும் பாய்தான். அன்னாசி இனத்தைச் சேர்ந்த அந்தப் புரோமிலியாட் செடியை முதலாளி பெங்களூரிலிருந்து வாங்கி வந்து, பார்த்துக்கொள்ளும் வேலையை எனக்குக் கொடுத்திருந்தார். நேர் வெயில் ஆகாது. தண்ணீரை இலைகளுக்கு நடுவே உள்ள குழியில் ஊற்ற வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு, இலையில் வெள்ளைத் திட்டு விழும். அதனால் மொட்டை மாடியில் மழைத்தண்ணீர் பிடித்து வைப்பேன். கொசு சேராமலிருக்க வாரம் ஒருமுறை குழித் தண்ணீரைக் கவிழ்த்து மாற்றுவேன்.

அறைக்கு வருகிறவர்கள் இரண்டு நாளில் போய்விடுவார்கள். யாரிடமும் பேச எனக்குக் கூச்சம். வேலைக்கு நடுவே நான் நின்று பார்ப்பது அந்தச் செடியை மட்டும்தான்.

ஐந்து மாதம் நின்ற பூ கருகியது.

"இன்னாய்யா பண்ண? தண்ணி ஜாஸ்தியா ஊத்திட்டியா?" என்றார் மேனேஜர்.

"இல்லீங்க சார்."

"உன்னாண்ட குடுத்தா கல்லுகூட வாடும். முதலாளி வர்றதுக்குள்ள குப்பையில போடு. பிளாஸ்டிக் பூ வெச்சிக்கலாம். அதுக்குத் தண்ணி ஊத்த நீ வேணாம் பாரு."

குப்பைத் தொட்டிவரை தூக்கிப் போனேன். அடியில் விரல் நீளத்துக்கு இரண்டு குட்டிச் செடிகள் தெரிந்தன. யாரிடமும் சொல்லாமல், லாட்ஜிலேயே நான் தங்கியிருந்த அறையின் ஜன்னலில் கொண்டுபோய் வைத்தேன்.

அங்கேதான் தப்பு செய்தேன். அவசரப்பட்டு ஒரு குட்டியைப் பிரித்து நட்டேன். அதற்கு வேரே இல்லை. பத்து நாளில் அழுகிவிட்டது. மற்றதைத் தொடவில்லை. தாய்ச்செடி இலை இலையாகக் காய, குட்டி வளர்ந்தது. பாதி உயரம் வந்த பிறகு பிரித்து, தேங்காய் நாரும் கரித்துண்டும் கலந்த தொட்டியில் வைத்தேன். இரண்டு வருஷம் கழித்து நடுவில் சிவந்தது. ரிசப்ஷனுக்குக் கொண்டுபோனேன்.

"எப்பய்யா வாங்கினாங்க இத?" என்றார் மேனேஜர்.

"பழைய செடியோட குட்டிங்க சார்."

"அதான் செத்துப்போச்சே!"

"பூத்தா அது அப்படித்தாங்க சார்."

மேனேஜர் பிளாஸ்டிக் பூவை எடுத்து டிராயரில் போட்டார்.

இந்தச் செடி ஒருமுறைதான் பூக்கும். பூ போவது பார்த்துக்கொண்டவரின் குற்றமில்லை. உடனே தூக்கி எறியாதீர்கள், அடியில் பாருங்கள்.

என் அறை ஜன்னல் மறுபடி காலியானது. அடுத்த குட்டிக்காக நாரும் கரியும் போட்ட ஒரு தொட்டியை அங்கே வைத்தேன்.