எல்லோரும் கண் மூடியிருந்த நேரம்

உயர்தரப் பெறுபேறு வந்து மாதங்கள் கடந்தும் கம்பஸ் கூப்பிடவில்லை. கம்பஸுக்கு ஆள் எடுக்கப் பார்க்கும் புள்ளியான என்னுடைய இசட் ஸ்கோர் அந்தரத்தில் நின்றது. கிடைத்தாலும் கிடைக்கும், இல்லாமலும் போகும். வட்டக்கச்சியில் எங்கள் முற்றத்தை நான் ஒரு நாளைக்கு மூன்று தரம் கூட்டினேன். அலுமாரியை அடுக்கிவிட்டு அடுத்த நாளே கலைத்தேன். "காலில சக்கரமே கட்டியிருக்கு உனக்கு? ஒரு இடத்தில இரன்" என்று அம்மா ஏசினார். இருக்க முடிந்தால் இருந்திருக்க மாட்டேனா?

அந்த நேரத்தில்தான் ஸ்கந்தபுரத்துக்கு அப்பால், ஒரு சின்னக் குளத்தின் கரையில் இருந்த முகாமுக்கு ஆள் தேவை என்று தெரியவந்தது. ஒரு கிறிஸ்தவ சபை நடத்தும் முகாம். பிள்ளைகளைத் தோணியிலும் கயிற்றிலும் ஏற்றி இறக்கினால் பயம் போகும், பயம் போனால் கடவுள் கிட்ட வருவார் என்று நம்புகிறவர்கள். ஒரு வருடம் தங்கி வேலை பழகலாம். நாங்கள் சைவம். அம்மா யோசித்து யோசித்துக் கடைசியில், "வேதக்காரர் நல்ல சனம்தான். ஆனா பேரை மாத்திப்போட்டு வந்து நிக்காதை" என்று சொல்லிப் பையைத் தூக்கித் தந்தார்.

'சாகசப் பயிலுநர்' என்பது என் பதவி. பேர் பெரிது. வேலை ஹெல்மெட் கழுவுவது, தோணி இழுப்பது, கயிறு சுருட்டுவது. வன்னியில் மலை ஏது? ஆகவே அவர்கள் இரும்பில் ஒரு கோபுரம் கட்டியிருந்தார்கள், உச்சியிலிருந்து கயிற்றில் இறங்குவதற்கு. எங்கள் ஆட்கள் தேயிலை மலையை விட்டுத் தப்பினோம் பிழைத்தோம் என்று இந்தச் சமநிலத்துக்கு வந்தவர்கள். நானோ சம்பளமும் இல்லாமல் ஏற இடம் தேடிப் போனேன்.

வேலை பிடித்துக்கொண்டது. பிடிக்காதது ஜெபம்தான். தோணிக்கு முன் ஜெபம், கயிற்றுக்கு முன் ஜெபம், தேத்தண்ணிக்கு முன்னும் ஜெபம். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நிற்க, நான் மட்டும் திறந்த கண்ணோடு யாருடைய குதிக்கால் வெடித்திருக்கிறது, எந்தச் செருப்பில் ஊசி குத்தியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். என்னை யாரும் ஜெபிக்கச் சொல்லவில்லை. அசையாமல் நிற்கத்தான் சொன்னார்கள். அதுதானே எனக்கு வராதது.

கோபுரத்தின் மேல்தட்டில் என் வேலை இதுதான். இறங்கப்போகும் பிள்ளையின் இடுப்புப் பட்டியை இழுத்துப் பார்ப்பேன், கொளுக்கியைத் திருகிப் பூட்டுவேன், ஹெல்மெட் வாரை இறுக்குவேன். இறங்கும் கயிறு, பட்டியில் பூட்டிய எட்டு வடிவ இரும்பு வளையத்துக்குள்ளால் ஓடும். விழாமல் பிடிப்பதற்கு இன்னொரு கயிறு. அது தூணில் பூட்டிய ஒரு கருவிக்குள்ளால் வந்து என் கையில் இருக்கும். எல்லாம் சரி என்றதும் ஜெபம். அந்தச் சபைப் பெண்கள் தலையை மூடாமல் ஜெபிக்க மாட்டார்கள். "ஹெல்மெட் மூடுதுதானே அக்கா?" என்று நான் ஒருமுறை பொறுப்பாளரிடம் கேட்டேன். "அது மண்டை உடையாமல் இருக்க. இது வேற" என்றார் அவர். ஆகவே பெண்பிள்ளைகள் கழுத்தில் போடும் ஷோலை ஹெல்மெட்டுக்கு மேலால் போட்டுக்கொண்டு ஜெபிப்பார்கள். ஆமென் சொன்னதும் அதை நான் வாங்கிக் கம்பியில் போட வேண்டும். தொங்கும் துணி வளையத்துக்குள் அகப்பட்டால் ஆளோடு சேர்த்து இழுத்துவிடும் என்று முதல் நாளே சொல்லித் தந்திருந்தார்கள்.

பாடசாலை லீவுக்கு மூன்று நாள் முகாம் ஒன்று வந்தது. செட்டிகுளத்திலிருந்து வந்த சிறுமி ஒருத்தி, பதினான்கு வயது இருக்கும், முதல் நாளே கோபுரத்தைப் பிடித்துக்கொண்டாள். மற்றப் பிள்ளைகள் படியில் அழுதுகொண்டு நிற்க, இவள் இறங்கி முடித்த கையோடு மறுபடி வரிசையில் நிற்பாள். "அக்கா, இன்னொருக்கா. பிளீஸ் அக்கா, ஒரேயொருக்கா." பள்ளிக்கூடத்தில் தன்னை ஒரு விளையாட்டுக்கும் சேர்ப்பதில்லை என்று சொன்னாள். எனக்கு அவளை நிறையவே பிடித்திருந்தது. ஒரு இடத்தில் இருக்கமாட்டாத இன்னொரு ஆள்!

இரண்டாம் நாள் பின்னேரம், அவளுடைய ஐந்தாவது இறக்கம். நான் எல்லாம் சரிபார்த்தேன். பொறுப்பாளர் அக்கா ஜெபிக்கத் தொடங்கினார். என் காற்சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மேல்தட்டுக்குப் போன் கொண்டு போகக்கூடாது. கொண்டுபோயிருந்தேன். எல்லோருடைய கண்ணும் மூடியிருந்தது. எடுத்துப் பார்த்தேன். 'லிஸ்ட் வந்திட்டுது, உன்ர நம்பரைப் பார்' என்று சிநேகிதி அனுப்பியிருந்தாள். ஆமென் கேட்டது. போனைப் பைக்குள் திணித்தேன், கயிற்றைப் பிடித்தேன், "போ" என்றேன். உடம்பு அங்கே நின்றது, மனம் கம்பஸ் வாசலில் நின்றது. அவள் விளிம்பைத் தாண்டிப் போனாள்.

"அக்கா" என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு சத்தமே இல்லை.

எட்டிப் பார்த்தேன். ஷோலின் ஒரு தலைப்பு இரும்பு வளையத்துக்குள் போயிருந்தது. மற்றது அவள் கழுத்தைச் சுற்றியிருந்தது. அவளுடைய நாடி நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. இன்னும் ஒரு சாண் இறங்கினால் அவ்வளவுதான். ஐயோ கடவுளே என்று எந்தக் கடவுளைக் கூப்பிட்டேனோ தெரியாது. "கயிறை இறுக்கிப் பிடி! அசையாதை!" என்று பொறுப்பாளர் அக்கா கத்திக்கொண்டே பக்கத்துக் கயிற்றில் இறங்கினார். நான் பிடித்தேன். கை எரிந்தது, பிடித்தேன். அவர் கீழே போய்ச் சின்னக் கத்தியால் ஷோலை வெட்டினார். பிள்ளை இருமியது. அந்த இருமலைப் போல நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

அன்று மாலை நன்றிக் கூட்டம். அந்தச் சபையில் நடந்ததை எழும்பிச் சொல்வார்கள், சாட்சி என்பார்கள். சிறுமி எழும்பினாள், கழுத்தில் சிவப்புக் கோடு. "நான்தான் ஷோலைக் குடுக்க மறந்திட்டன். கர்த்தர் காப்பாத்தினார். அக்கா கயிறை விடேல்லை." எல்லோரும் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். பொறுப்பாளர் அக்கா என்னைக் கட்டிப்பிடித்தார். ஷோலை வாங்குவது என் வேலை என்று அவருக்குத் தெரியும். நான் கேட்டும் பிள்ளை கொடுக்க மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். நானும் நினைக்கவிட்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனாலும் வாய் திறக்கவில்லை. பட்டியலில் என் இலக்கம் இருந்தது. இன்னும் சில கிழமைகளில் நல்ல பேரோடு கிளம்பிவிடலாம்.

மறுநாள் காலை பெற்றோர் வந்தார்கள். சிறுமியின் தாய் பஸ் மாறி மாறி வந்து களைத்திருந்தார். விஷயம் கேட்டதும், எல்லோருக்கும் முன்னால் மகளின் தோளைப் பிடித்து உலுக்கினார். "அறிவிருக்கோ உனக்கு? சொன்னதைக் கேட்கத் தெரியாதோ? செத்துப் போயிருந்தா நான் என்ன செய்யிறது?" அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

என்னால் தாங்க முடியவில்லை. "அவளை ஏசாதேங்கோ அம்மா. பிழை என்ர. அதை வாங்கிறது என்ர வேலை. ஜெபம் நடக்கேக்க நான் போன் பார்த்துக்கொண்டு நிண்டனான்."

பொறுப்பாளர் அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். தாயின் கை மகளின் தோளிலிருந்து இறங்கியது. அவர் எனக்கு அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் சத்தம் போடாமல் சொன்னார். "பிள்ளை பிழை விட்டா ஏசித் திருத்தலாம். உங்களை நம்பியெல்லோ விட்டனான்." பிறகு மகளிடம், "உடுப்பை எடு. இனி இந்தப் பக்கமே வேண்டாம்."

பையை வாசல் வரை நான் தூக்கிக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். சிறுமி பையை என்னிடமிருந்து பறித்தாள். கண் நிறைந்திருந்தது, குரலில் அவ்வளவு கோபம்.

"ஏச்சுத்தானேயக்கா வாங்கினனான்? அம்மா ரெண்டு நாளில மறந்திருப்பா. அடுத்த லீவுக்கு நான் வந்திருப்பன்."