பட்டறைக்கு வராத கார்கள்

எங்கள் தெரு மெக்கானிக் மகா புத்திசாலி. முப்பது வருடமாகத் தன் பட்டறைக்குப் பழைய கார்கள்தான் வருகின்றன, புதுக் கார் ஒன்றுகூட வந்ததில்லை என்று கவனித்தவர், புதுக் கார் ரிப்பேரே ஆகாது என்று கண்டுபிடித்துவிட்டார். விஞ்ஞானிகள் அவரிடம் பிச்சை வாங்க வேண்டும். பதினெட்டு வருடமாக ஒருநாளும் நடுவழியில் நிற்காத தன் காரை, தொலைந்தது சனியன் என்று மச்சினன் தலையில் கட்டிவிட்டுப் புதுசு வாங்கினார்.

மூன்றாம் மாதமே அது சிக்னலில் நின்றது. பானட்டைத் திறந்தார். உள்ளே கறுப்பு பிளாஸ்டிக் மூடி; ஸ்பானர் போட ஒரு நட்டுகூடக் கண்ணில் படவில்லை. கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போகும்படி டாஷ்போர்டுத் திரை உத்தரவிட்டது. மச்சினன்தான் பழைய காரில் கயிறு கட்டி இழுத்துப் போனான்.

அங்கே வாசலிலிருந்து பின்சுவர் வரை புதுக் கார்கள். கவுண்டரில் இருந்த பெண் டோக்கன் கொடுத்தாள்.

"உங்களுக்கு முன்னாடி முப்பத்தாறு வண்டி நிக்குது சார்."

இத்தனை வருடம் தன் பட்டறைக்கு வராத கார்களை அவர் முதல்முறையாகப் பார்த்தார்.

"வாங்க மாமா, வீட்ல விட்டுடறேன்," என்றான் மச்சினன். பழைய கார் சாவியின் ஒரே திருகலில் கிளம்பியது. "கதவை மட்டும் மெதுவா சாத்துங்க. என் வண்டி."