கடைசி ஆளுக்கு ஒரு மைக்

என் வீட்டுக்காரருக்கு வலது காது சுத்தமாகக் கேட்காது. இடது காதில் மிஷின் மாட்டினால் பாதி கேட்கும். பண்டார் தெங்காரா பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலன் அறையில் வேலை பார்த்தவர். சத்தத்துக்குக் காதில் செருகிக்கொள்ள ரப்பர் அடைப்பான் கொடுத்திருந்தார்கள். அதை இவர் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். காதில் வைத்தால் வேர்க்கிறதாம். காது போய்விட்டது. அடைப்பான் புதுசு மாதிரி அலமாரியில் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். தூக்கிப் போடவும் விடமாட்டார்.

ஓய்வு பெற்ற பிறகு மனிதர் கல்யாணம், காது குத்து எதற்கும் வருவதில்லை. எல்லாரும் அவரிடம் கத்திப் பேசுவார்கள், இவர் எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டு "ஆமா, ஆமா" என்பார். ஒருத்தர் "சக்கரை எவ்வளவு இருக்கு?" என்று கேட்டதற்கு, பிள்ளைகளைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, "ரெண்டு பேரும் சிங்கப்பூர்லதான்" என்று பதில் சொன்னார். அன்றோடு விசேஷங்களுக்கு முழுக்குப் போட்டுவிட்டார். பகல் முழுக்க என் சமையலறையில் நின்று, நான் வெங்காயம் வெட்டுவதை மேற்பார்வை செய்வார்.

அவர் போகிற ஒரே இடம் மலை. கூலாயில் எங்கள் தாமான் குடியிருப்பில் இருக்கும் ஆண்கள் சேர்ந்து ஒரு மலையேறும் குழு வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் பூலாய் மலைக்குப் போவார்கள். ஏறும்போது எல்லாருக்கும் மூச்சு வாங்கும், யாரும் பேசமாட்டார்கள். அங்கே இவரும் மற்றவர்களும் ஒன்று. அதனால்தான் மலை பிடிக்கிறது என்று அவர் சொன்னதில்லை. எனக்குத் தெரியும்.

அதிலும் மண் விழுந்தது. குழுவில் வேறு ஒருவர் பாதை தவறிப் போய், மற்றவர்கள் காட்டில் தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அந்த ஆள் ரோட்டோரக் கடையில் உட்கார்ந்து ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தார். உடனே குழுவின் தலைவர் ஆளுக்கு ஒரு வாக்கி-டாக்கி வாங்கினார். தலைவர் எங்கள் கோயில் கமிட்டிச் செயலாளரும்கூட. மைக் கையில் இருந்தால் விடமாட்டார். அடுத்து லேடாங் மலை என்று முடிவானதும் ஒரு சட்டம் போட்டார்: வாக்கி-டாக்கியில் கூப்பிட்டால் பதில் சொல்ல முடியாதவர்கள் வரக்கூடாது.

"பாதுகாப்பு அண்ணி, வேற ஒண்ணும் இல்ல," என்று வீட்டுக்கே வந்து சொன்னார். யாரைச் சொல்கிறார் என்று கேட்க வேண்டியதில்லை. குழுவில் காது கேட்காதவர் ஒருவர்தான்.

இவர் மலை ஏறும் சப்பாத்தைக் கழுவிக் காயவைத்து, செய்தித்தாளில் சுற்றி, அலமாரி மேல் வைத்துவிட்டு என் வெங்காயத்தைப் பார்க்க வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லேடாங்குக்கு இவரை அனுப்பாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

எனக்கு வாக்கி-டாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதில் மாட்டுகிற சாமான்கள் இவ்வளவு இருக்கும் என்று யார் கண்டது? இணையத்தில் பார்த்தால் தலை சுற்றியது. எல்லாச் சாமானுக்கும் கீழே "மிக நன்று, இன்னும் பயன்படுத்திப் பார்க்கவில்லை" என்று எழுதி ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். பயன்படுத்தாதவனுக்கு எதற்கு வாய்?

முதலில் பேரங்காடிக் காவலாளிகள் காதில் மாட்டியிருக்கும் சுருள் குழாயை வாங்கினேன். வந்ததில் ஒரு முள்தான் இருந்தது, எங்கள் வாக்கி-டாக்கியில் இரண்டு ஓட்டை. திருப்பி அனுப்பிவிட்டு இரண்டு முள் உள்ளதை வாங்கினேன். அது சரியாக மாட்டியது. ஆனால் இடது காதில்தான் மிஷின் இருக்கிறதே, குழாயை எங்கே செருகுவது? இவர் மறுபேச்சு இல்லாமல் வலது காதில் செருகிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார். நான் வீட்டுக்குப் பின்னால் நின்று இரவல் வாங்கிய வாக்கி-டாக்கியில் அரை மணி நேரம் கத்தினேன்.

உள்ளே வந்து, "கேட்டுச்சா?" என்றேன்.

"நீ இன்னும் ஆரம்பிக்கலன்னு நெனச்சேன்," என்றார்.

அடுத்தது, காதை முழுசாக மூடும் பெரிய ஹெட்ஃபோன். மிஷின் மேல் அதை வைத்ததும் காதுக்குள் குக்கர் மாதிரி விசில் அடித்தது. பக்கத்து வீட்டு நாய் எழுந்து நின்றது. அதையும் கழற்றி வைத்தேன்.

அப்புறம்தான் கூலாயில் கட்டுமானக்காரர்களுக்கு இந்தச் சாமான்களை விற்கும் ஒரு சீனர் கடைக்கு இவரையே இழுத்துக்கொண்டு போனேன். கடை முதலாளியான தவுக்கே, நான் வாயைத் திறந்ததும் என் கை நீளத்துக்கு ஓர் ஆண்டெனாவை எடுத்து நீட்டினார். "இது ரொம்ப தூரம் போகும்க்கா," என்றார் மலாயில்.

"காட்டுல ரோத்தான் கொடி முள்ளு இருக்கு. அதுல மாட்டிக்கிட்டா இவரு அங்கயே தூரமா இருப்பாரு," என்றேன்.

கண்ணாடி அலமாரியில் சோப்பு டப்பா அளவில் கறுப்பாக ஒன்று தொங்கியது. தோளில் குத்திக்கொள்ளும் மைக். சுருள் கம்பி, முன்பக்கம் ஒலிபெருக்கி, பக்கத்தில் பேசுவதற்கு ஒரு பெரிய பட்டன், பின்னால் கிளிப். காதில் எதையும் செருக வேண்டாம். இடது தோளில் குத்தினால் மிஷினுக்குப் பக்கத்திலேயே பேசும். கிளிப் பிளாஸ்டிக்காக இருந்ததை நகர்த்திவிட்டு, இரும்புக் கிளிப் உள்ளதைக் கேட்டேன். இவர் மரத்தைக் கட்டிப்பிடித்துத்தான் ஏறுவார், பிளாஸ்டிக் முதல் மரத்திலேயே போய்விடும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டாமா? இவருக்கு மைக்கை மாட்டிச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தேன். தவுக்கேயிடம் இன்னொரு வாக்கி-டாக்கியைக் கொடுத்து, கடை வாசல் நடைபாதை அஞ்சடியைத் தாண்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்ப் பேசச் சொன்னேன். வெயிலில் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

இவர் சுவரைப் பார்த்தபடியே, "சாப்பாட்டு நேரத்துல இந்த அக்கா உயிர வாங்குதாம்," என்றார்.

அதையே வாங்கினேன்.

லேடாங்குக்குப் போன அன்று தலைவர் மலையடிவாரத்துக் கார் நிறுத்துமிடத்தில் எங்களை நிற்க வைத்துப் பூசை போட்டார். புதுக் கார் வாங்கினால் செய்கிற எல்லாம் நடந்தது. வாக்கி-டாக்கிகளைக் கார் முகப்பில் வரிசையாக அடுக்கி, சூடம் காட்டி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பூங்கா வழிகாட்டிப் பையன் மலாய்க்காரன், வாயைப் பிளந்து பார்த்தான். என் வீட்டுக்காரரின் தோள் மைக்கைக் கையில் எடுத்த தலைவர், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முகம் மாதிரி தெரிந்த பக்கத்தில் நெற்றி எது என்று தேடி, கட்டை விரலால் நல்லா அழுத்தி ஒரு பொட்டு வைத்தார்.

"புதுச் சாமான் அண்ணி. முதல்ல சாமி," என்றார்.

பிறகு சட்டத்தைத் திரும்பச் சொன்னார்: "அண்ணன் மெதுவா ஏறுவாரு, கடைசி ஆளா வரட்டும். வழியில இருக்கிற முதல் கொட்டகை வரைக்கும் பார்ப்போம். பதில் வரலன்னா அங்கேருந்து திருப்பி அனுப்பிருவேன். கோவிச்சுக்கக் கூடாது."

அவர்கள் ஏறினார்கள். மற்ற மனைவிமார்கள் பக்கத்து ஊரான தங்காக்குக்குச் சேலை எடுக்கப் போனார்கள். நான் ஒரு வாக்கி-டாக்கியோடு கீழேயே உட்கார்ந்தேன். யாராவது கீழே இருக்க வேண்டும் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் தலைவரின் குரல் வந்தது. "கடைசி ஆள், கடைசி ஆள். அண்ணே, கேக்குதா?"

கர்ர் என்று ஓர் இரைச்சல் வந்து நின்றது. குரல் இல்லை.

"அண்ணே! கேக்குதா, இல்லயா?"

மறுபடியும் கர்ர்.

"கொட்டகைக்கு வந்தாச்சு. அண்ணி, கேக்குதா? அண்ணனுக்கு ஒண்ணும் கேக்கல. அவர் இங்க வந்ததும் திருப்பி அனுப்பறேன்."

சீனரிடம் போய் மைக்கை அவர் தலையில் போடலாமா என்றுகூட யோசித்தேன். அப்போதுதான் பார்த்தேன். தலைவர் கூப்பிட்டு முடித்தவுடன் ஒவ்வொரு தடவையும் என் வாக்கி-டாக்கியில் பச்சை விளக்கு எரிந்தது. யாரோ பட்டனை அமுக்குகிறார்கள். கேட்டதால்தானே அமுக்குகிறார்?

"தலைவரே, அவருக்குக் கேக்குது. உங்களுக்குத்தான் கேக்கல," என்றேன்.

"அண்ணி, இதுல குடும்பப் பிரச்சினை பேசக் கூடாது."

"என்னங்க! நான் பேசறது கேட்டா ரெண்டு தடவ அமுக்குங்க. இல்லன்னு சொல்லணும்னா ஒரு தடவ."

கர்ர். கர்ர்.

"தற்செயலா அமுங்கியிருக்கும் அண்ணி."

"காலையில தின்ன நாசி லெமாக்ல முட்டை இருந்துச்சா?"

கர்ர். ஒன்றோடு நின்றது. முட்டை இல்லைதான். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், காரில் வரும் வழியெல்லாம் இவர் அதையே புலம்பிக்கொண்டு வந்தார்.

"கேட்டீங்களா தலைவரே? இப்ப நான் சொல்றதயும் கேளுங்க. ரெண்டு வருஷமா இந்த மனுஷன் ஒரு கல்யாணத்துக்கு வரல, ஒரு சாவுக்கு வரல. ஜனங்க கிட்ட போறதுக்கே கூச்சப்படுறாரு. உங்க கூட மலை ஏறுறது ஒண்ணுதான் மிச்சம். அதயும் புடுங்கிட்டு எங்கிட்ட அனுப்பினீங்கன்னா, கோயில் திருவிழாவுக்கு நீங்க மைக்க புடிக்கும்போது நான் வந்து பக்கத்துல நிப்பேன்!"

பட்டனை விட்டேன். மலையில் இருந்த எல்லாருடைய வாக்கி-டாக்கியிலும் இது போயிருக்கும் என்று அப்புறம்தான் உறைத்தது.

"அலமாக்," என்று அதிர்ந்தது ஒரு குரல்.

நான் எழுந்து நின்று மரங்களைப் பார்த்தேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். குழுவில் மின்சார வேலை பார்க்கும் ஒருவர் இருக்கிறார். கடைசியில் அவருடைய குரல்தான் வந்தது, சிரிப்பை அடக்க முடியாமல்.

"தலைவரே, மைக்குல பேசற ஓட்டைய பாருங்க. சந்தனம்! நீங்க வெச்ச பொட்டு காஞ்சு கட்டியா அடச்சிருக்கு!"

பின்னால் நாலைந்து பேர் சிரிப்பது கேட்டது. யாரோ குச்சியால் சுரண்டுகிற சத்தம், ஊதுகிற சத்தம். அப்புறம் என் வீட்டுக்காரரின் குரல், தெளிவாக:

"இப்ப கேக்குதா?"

தலைவரை முந்திக்கொண்டு நான்தான் பதில் சொன்னேன்.

சாயங்காலம் எல்லாரும் இறங்கி வந்தார்கள். தங்காக்கிலிருந்து பெண்களும் பைகளோடு வந்துவிட்டார்கள். தலைவருக்கு முழங்கால் ஆடியது, இரண்டு கையிலும் கம்பு. அவருக்குப் பின்னால், கடைசி ஆள் வர வேண்டிய மாதிரி கடைசியாக, இடுப்பு வரை சேற்றோடு இவர் வந்தார். மைக் தோளிலேயே இருந்தது.

தலைவர் என் பக்கம் வந்து, "அடுத்த தடவையும் அண்ணன்தான் கடைசி ஆள். எறங்கும்போது நான் உக்காந்த இடத்தையெல்லாம் மைக்குல எல்லாருக்கும் சரியா சொல்லிட்டு வந்தாரு," என்றார். அப்படியே போய்க் காரில் சாய்ந்துகொண்டார். மன்னிப்பு மாதிரி எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இவர் கல்லில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார். வாக்கி-டாக்கியை அணைத்து, மைக்கைக் கழற்றி, சட்டையில் துடைத்து என் கையில் கொடுத்தார்.

"கொட்டகைக்குள்ள நுழையும்போது நீ பேசினதெல்லாம் கேட்டுச்சு," என்றார்.

நான் மைக்கில் மிச்சம் ஒட்டியிருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினேன்.

"எல்லாரும் எம் மூஞ்சியவே பார்த்தாங்க. கொஞ்சம் மெதுவா பேசியிருக்கலாம்."

இத்தனை வருஷமாக இவருக்காகக் கத்திக் கத்தித் தொண்டை கெட்டவள் நான். சரி, கேட்டுவிட்டாரே என்று, மெதுவாகவே, "எந்திரிங்க, கார்ல ஏறுங்க," என்றேன்.

"ஆங்?" என்றார்.