சித்தப்பாவுக்குப் படகு பார்த்த கதை

எங்கள் குடும்பத்தில் படகு வாங்கக் கிளம்பியவர்கள் யாரும் அதற்கு முன்னால் படகில் ஏறியதில்லை. பரிசலில்கூட ஏறியதில்லை. நாமக்கல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் தண்ணீர் என்பது ஆயிரம் அடிக்குக் கீழே கிடக்கிற சங்கதி. போர் போட்டுத்தான் அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆனாலும் எனக்குப் பத்து வயதான அந்தக் கோடையில், மேட்டூருக்குப் போய் ஒரு பழைய படகைப் பார்த்து வாங்கிவிடுவது என்று அப்பா முடிவு செய்தார். அதுவும் சாதாரணப் படகு இல்லை. உள்ளே படுக்க இரண்டு பலகையும், முகம் கழுவ ஒரு தொட்டியும், கண்ணாடி சன்னலும் வைத்த அறையோடு கூடிய மோட்டார் படகு. பெங்களூர்க்காரர் ஒருவர் ஆசைப்பட்டு வாங்கி, கொஞ்ச காலம் ஓட்டி, அலுத்துப்போய் அணைப் பக்கம் நிறுத்தி வைத்திருந்தாராம்.

படகு சித்தப்பாவுக்காக. அவர் அப்பாவின் ஒரே தம்பி, கல்யாணம் ஆகாதவர், எங்கள் வீட்டு முட்டை லாரியைப் பதினான்கு வருடம் கேரளாவுக்கு ஓட்டியவர். முட்டை லாரி ஓட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. பள்ளத்தில் ஒருமுறை தூக்கிப் போட்டால் பாதி லோடு ஆம்லெட். சித்தப்பா கொண்டுபோன லோடில் உடைசலே இருக்காது என்று வியாபாரிகள் சொல்வார்கள். முந்தின வருடம், விடிந்தும் விடியாத நேரத்தில், பாலக்காட்டுக்குப் பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் லாரிக்குக் குறுக்கே வந்துவிட்டாள். குழந்தை பிழைத்துக்கொண்டது. தப்பு சித்தப்பா மேல் இல்லை என்று போலீஸ் சொன்னது, கோர்ட் சொன்னது, ஊரும் சொன்னது. சித்தப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்க உட்கார்ந்தவர், அதன்பிறகு ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. பண்ணைக்குத் தீவன லாரி வந்தால்கூட எழுந்து பின்பக்கம் போய்விடுவார்.

அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. “ஸ்டியரிங் புடிச்ச கையி அது. சும்மா உக்கார வெச்சா ஆளு பித்துப் புடிச்சுப் போயிருவான். தண்ணியில குறுக்க ஆரு வரப்போறா?” என்று அம்மாவிடம் சொன்னார். அணைக்கு வருகிற ஜனங்களைப் படகில் ஏற்றிச் சுற்றிக் காட்டினால் தம்பிக்கு ஒரு பிழைப்பும் ஆயிற்று, மனசுக்கு மருந்தும் ஆயிற்று என்பது அவர் கணக்கு. லைசென்ஸ், அனுமதி எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாமாம். “கொடம் ரொம்பாத ஊட்டுக்குக் கப்பல் எதுக்குங்க?” என்றாள் அம்மா. அதற்குமேல் அவள் பேச்சு எடுபடவில்லை.

சித்தப்பாவையும் கேட்கத்தான் செய்தார் அப்பா. “சரிங்ணா” என்றார் சித்தப்பா. அப்பா அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அண்ணன் வார்த்தைக்கு “சரிங்ணா” என்பதைத் தவிர வேறு பதில் எங்கள் வீட்டில் புழக்கத்தில் இல்லை. பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கச் சொன்னபோதும், லாரி ஏறச் சொன்னபோதும் அவர் அதையேதான் சொன்னாராம்.

ஒரு புதன்கிழமை காலையில் கிளம்பினோம். அப்பா கார் ஓட்டினார். பக்கத்தில் எங்கள் லாரி மெக்கானிக். அவர் காலடியில் ஒரு லாரி பேட்டரியும் டீசல் கேனும். பின்சீட்டில் சித்தப்பாவும், அழுது அடம்பிடித்து ஏறிக்கொண்ட நானும். சங்ககிரி தாண்டியதும் ஒன்றைக் கவனித்தேன். ரோட்டோரம் யாராவது நடந்து வந்தால், சைக்கிள் குறுக்கே திரும்பினால், சித்தப்பா வலது காலால் கீழே தரையை அழுத்தினார். பின்சீட்டில் பிரேக் ஏது? எனக்கு அது நல்ல விளையாட்டாகப் பட்டது. நானும் அவரோடு சேர்ந்து காலை அழுத்திக்கொண்டே வந்தேன். எடப்பாடி வருவதற்குள் எனக்கு அலுத்துவிட்டது. அவர் மேட்டூர் வரைக்கும் நிறுத்தவில்லை.

அந்த வருடம் அணையில் தண்ணீர் வெகுவாக இறங்கியிருந்தது. ஏரியின் அடிமண் வெடித்துக் கிடக்க, அதன் நடுவில் மரக்கட்டைகள் முட்டுக்கொடுக்க நின்றது படகு. கண்ணுக்கெட்டிய தூரத்தில்தான் தண்ணீர் மினுங்கியது. வெள்ளைப் பெயின்ட் உரிந்து, பெயர் எழுதிய இடம் அழிந்து, சன்னல் கண்ணாடியில் விரிசல் விட்டிருந்தாலும் என் கண்ணுக்கு அது அரண்மனைதான். அங்கே காவலுக்கு இருந்த பெரியவர் சாவியைக் கொடுத்துவிட்டு, “ஓனருக்குப் போன் போடறனுங்க, இங்க சிக்னல் கெடைக்காது” என்று தூரத்து மேட்டை நோக்கி நடந்தார். அவர் இன்னும் ஐந்து நிமிடம் நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அப்பாவும் மெக்கானிக்கும் அவர்களுக்குத் தெரிந்த ஒரே விதத்தில் படகைப் பரிசோதித்தார்கள், அதாவது லாரியைப் பார்ப்பதுபோல. மெக்கானிக் சுற்றிச் சுற்றி வந்து விரல் முட்டியால் தட்டினார். குனிந்து அடியில் பார்த்தார். “சேஸும் இல்ல, ஸ்பிரிங் பட்டையும் இல்ல, எதப் பாத்துங்ணா வெல பேசறது?” என்றார். “டயரக் காணமேன்னு கேக்காம உட்டியே” என்று அப்பா சிரித்தார். ஏணி வைத்து ஏறிப் பின்பக்க மூடியைத் திறந்ததும் மெக்கானிக்குக்கு உயிர் வந்தது. உள்ளே இருந்தது டீசல் இன்ஜின். “அட, நம்ம லாரிச் சாதிதானுங்ணா!” என்றார். ரேடியேட்டரைத்தான் காணவில்லை. தேடித் தேடி மூடி போட்ட ஒரு சின்ன டேங்கைக் கண்டுபிடித்து, நாங்கள் குடிக்கக் கொண்டுவந்த கேன் தண்ணீரை அதில் ஊற்றி, பேட்டரியையும் மாட்டிவிட்டுத் திருப்தி அடைந்தார்.

பழைய லாரி வாங்குகிற யாரும் ஆறிய இன்ஜினை நம்பமாட்டார்கள். ஆறிக் கிடக்கையில் எந்த ஓட்டை இன்ஜினும் சமர்த்தாகத்தான் இருக்கும். நன்றாக ஓடவிட்டுச் சூடேற்றினால்தான் அதன் வண்டவாளம் தெரியும். நாமக்கல்லில் இது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பாடம். படகையும் அப்படியே ஓடவிட்டுப் பார்ப்பது என்று தீர்மானமாயிற்று. அப்பா சித்தப்பாவைப் பார்த்து, “நீ உள்ளார போயி உக்காந்து மீட்டரப் பாத்துக்கடா. சூடு ஏறுச்சுன்னா ஒரு கொரல் குடு, நிறுத்திப்புடலாம்” என்றார்.

“சரிங்ணா.”

நானும் பின்னாலேயே உள்ளே ஏறினேன். ஓட்டுகிறவர் இடத்தில் ஸ்டியரிங்கும், சாவியும், வரிசையாக நாலு மீட்டரும் இருந்தன. சித்தப்பா உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. பின்னால் மெக்கானிக் சீட்டி அடித்தார். சித்தப்பா கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டார், ஸ்டியரிங்கில் வைக்கவில்லை. அவர் வைக்காததால் எனக்கு வசதியாயிற்று. நான் அதைப் பிடித்து இடமும் வலமும் சுற்றிக் கடலில் போய்க்கொண்டிருந்தேன்.

“மீட்டர் எப்பிடிரா இருக்குது?” என்று அப்பா பின்னாலிருந்து கத்தினார்.

“நல்லாருக்குதுங்ணா.”

அப்போது எங்களுக்கு எதிரே, படகின் மூக்குக்குச் சற்று முன்னால், தலையில் சுள்ளிக் கட்டும் இடுப்பில் குழந்தையுமாக ஒரு பெண் வந்தாள். ஏரி வற்றினால் அக்கரை ஊர்க்காரர்களுக்கு அதுதான் பாதை. சத்தம் கேட்டு நின்று, அண்ணாந்து எங்களைப் பார்த்துவிட்டு, குறுக்கே நடந்து போனாள். குழந்தை கையாட்டியது. நானும் ஆட்டினேன். சித்தப்பாவின் வலது கால் தரையை அழுத்தியது, விட்டது, மறுபடி அழுத்தியது. கீழே வெறும் பலகை. படகுக்குப் பிரேக் கிடையாது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவருக்கும் அன்றுதான் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பெண் கண்ணை விட்டு மறைந்தபிறகும் அவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மீட்டரைப் பார்த்தேன். ஒரு மீட்டரில் முள் பச்சையைத் தாண்டி மஞ்சளைத் தாண்டிச் சிவப்புக்குள் நுழைந்திருந்தது. “சித்தப்பா, முள்ளு செவப்புக்கு வந்துருச்சு” என்றேன். அவர் குனிந்து முள்ளைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

“இப்ப எப்பிடிரா?” என்று அப்பா குரல் கொடுத்தார்.

“நல்லாருக்குதுங்ணா” என்றார் சித்தப்பா. பிறகு என்னிடம், “இருக்கட்டும் சாமி” என்றார்.

பதினான்கு வருடம் லாரி ஓட்டியவருக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது என்று நான் மறுபடி கடலுக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. இன்ஜின் ஒரு முனகு முனகிவிட்டு இறுகிப்போய் நின்றது.

மேட்டிலிருந்து காவல்காரப் பெரியவர் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். “ஐயோ, கரையில வெச்சு ஓட்டலாமுங்களா? அது அடியில கொழாய் வெச்சு ஏரித் தண்ணிய உறிஞ்சியில்லீங்க சூட்டத் தணிச்சுக்கும்! தண்ணியில்லாம ஓட்டுனா எரிஞ்சுதானுங்க போகும்!” மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்பா ஏணி ஏறி அறைக்குள் வந்தார். முள் இன்னும் சிவப்பில்தான் நின்றது. அதைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். சித்தப்பா நிமிரவில்லை. அப்பா இறங்கிப் போனார். நானும் இறங்கினேன்.

“தண்ணி சங்கதி நமக்குத் தெரியாதுதானுங்ணா. ஆனா மீட்டர் காட்டியிருக்குமே, உள்ளார ஆளு இருந்துச்சே?” என்று மெக்கானிக் இழுத்தார்.

“மீட்டரு செத்துக் கெடக்குது. முள்ளு நகரவே இல்ல. நாந்தான் அவசரப்பட்டு ஓட உட்டுட்டேன்” என்றார் அப்பா.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தியவேட்கை வந்ததோ. “இல்லீங்கப்பா, முள்ளு செவப்புக்கு வந்துச்சு. நாஞ் சித்தப்பாகிட்டச் சொன்னனே” என்று ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அப்பா என்னை அடித்தது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். வலித்ததைவிட அநியாயம்தான் பெரிதாக இருந்தது. நிஜத்தைச் சொன்னவளுக்கு அடி, எரித்தவருக்கு ஒன்றுமில்லை.

போனில் கிடைத்த பெங்களூர்க்காரரிடம் அப்பா சொன்னார்: “கெடுத்தது நாங்க. எடுத்துக்கிறதும் நாங்கதானுங்க.” அடுத்த வாரம் படகு லாரியில் ஏறி எங்கள் கோழிப்பண்ணைக்கு வந்து சேர்ந்தது. அதன் அறைக்குள் தீவன மூட்டை அடுக்கினார்கள். ஊர் சும்மா இருக்குமா? வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கிடைத்தது. “கரையில கப்பல் ஓட்டுன மவராசன்” என்று அப்பாவுக்குப் பெயர் வைத்தார்கள். டீக்கடையில், கோயிலில், கல்யாணப் பந்தியில் எங்கே போனாலும் அதே பேச்சு. “அவசரக்குடுக்கைங்க நானு” என்று அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அறை வாங்கிய கோபம் வேறு. பள்ளிக்கூடத்தில் அந்தக் கதையை அதிகமாகப் பரப்பியது நான்தான்.

சித்தப்பா முட்டை பொறுக்கிக்கொண்டே இருந்தார். அவரை வண்டி எடுக்கச் சொல்லி அப்பா அதன்பிறகு கேட்கவில்லை. நான் கல்லூரி முடிக்கிற வருடம் மஞ்சள் காமாலை வந்து சித்தப்பா போய்விட்டார்.

பிறகு சேலத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஃபேர்லேண்ட்ஸில் ஒரு டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். கிளட்ச் எது, பிரேக் எது என்று காட்டிய கையோடு அந்த வாத்தியார், “இந்த முள்ளு சிவப்புக்குப் போனா எதையும் யோசிக்காம வண்டிய நிறுத்திடணும்மா” என்றார். முதல் நாள் பாடம் அது. அன்று அதற்குமேல் என்னால் ஓட்ட முடியவில்லை. சாலையோரம் நின்று அப்பாவுக்குப் போன் போட்டேன். சித்தப்பா தெரிந்தேதான் எரியவிட்டார், இல்லையா என்று கேட்டேன்.

“உள்ளார ஏறுனப்பவே தெரிஞ்சுது சாமி” என்றார் அப்பா.

“பொறவு ஏனுங்கப்பா ஒரு வார்த்தை கேக்கல?”

“கேட்டா அவன் பதில் சொல்லோணுமல்ல. வேண்டாமுங்ணான்னு ஒரு சொல்லுச் சொல்ல அவனுக்கு நான் என்னிக்காச்சும் எடங் குடுத்திருந்தா, அவன் ஏஞ் சாமி இன்ஜின எரிக்கறான்?” நான் போனை வைத்துவிட்டேன்.

அந்த அறை இப்போது எனக்கு வலிப்பதில்லை. வலிப்பது வேறொன்று. படகு வந்த சில வாரங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் விருந்தாளிகள் வந்திருந்தார்கள். கோழிக்குழம்பு. அப்பாவும் சித்தப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். படகைப் பற்றி யாரோ கேட்க, நான் முந்திக்கொண்டு எழுந்து நின்று, அப்பா மாதிரி இடுப்பில் கை வைத்து, அவர் குரலில், “நாந்தான் அவசரப்பட்டு ஓட உட்டுட்டேன்” என்று நடித்துக் காட்டினேன். பந்தியே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். சித்தப்பா பிசைந்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்தார். “உக்காருடா, பாதியில எந்திரிக்கறே” என்று அப்பா அவர் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தார். பிடித்த கையை விடவில்லை. சோறு தின்னாமல் இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். நான் நடித்தது சித்தப்பாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று எண்ணி, இன்னொரு முறை, இன்னும் சத்தமாக நடித்துக் காட்டினேன்.